பிறருக்காக எரியும் விளக்கு

காரின் முகப்புப் பலகையில் எரியும் விளக்குகள் எல்லாம் ஒரே நோக்கம் கொண்டவை அல்ல. எண்ணெயின் அழுத்தம் குறைந்தால் ஒரு விளக்கு எரிகிறது. எஞ்சின் கொதித்தால் ஒன்று. பாட்டரிக்கு மின்னேற்றம் போகாவிட்டால் இன்னொன்று. இவையெல்லாம் ஓட்டுபவரின் நலம் நாடுபவை. 'நிறுத்து, இல்லாவிட்டால் நடுவழியில் நிற்பாய்' என்று எச்சரிப்பவை. எஞ்சினின் கோட்டுருவத்தைத் தாங்கி மஞ்சளாக எரியும் விளக்கு மட்டும் வேறு வகை. அமெரிக்காவில் எல்லோரும் அதைச் 'செக் எஞ்சின்' விளக்கு என்கிறார்கள். பெயரை நம்பி எஞ்சினைச் சோதித்தால் பல சமயங்களில் அதில் ஒரு குறையும் இருக்காது. வண்டி ஓடும், வேகமெடுக்கும், வீடு கொண்டுவந்து சேர்க்கும். விளக்கு மட்டும் எரிந்துகொண்டேயிருக்கும்.

சட்டப் புத்தகத்தில் அதன் பெயர் 'பழுது காட்டும் விளக்கு'. எது பழுது என்பதிலும் சட்டத்தின் கணக்கு வேறு. வண்டியின் உமிழ்வு, விதிக்கப்பட்ட அளவைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடும் என்று உள்ளிருக்கும் கணினி கருதினால் விளக்கை ஏற்றவேண்டும். பெரும்பாலான பாகங்களுக்கு இதுவே அளவுகோல். எரிபொருள் ஆவி கசியும் விஷயத்தில் விதி இன்னும் நுட்பமானது. 2000-க்குப் பின் வந்த வண்டிகளில் சுமார் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓட்டையைக்கூடக் கணினி கண்டுபிடித்தாக வேண்டும். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் கதை வேறு. சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் வெளியேறி, கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது ஓரம்கட்டுவதே நல்லது. எங்களுடையது மின்னவில்லை. அசையாத சுடர்போல நிதானமாக எரிந்தது.

எங்கள் கார் 2011-ஆம் ஆண்டு மாடல். 1,30,000 மைல்களைத் தாண்டிவிட்டது. சென்ற கோடையில் அதற்கு ஒரு வினோதமான பழக்கம் வந்தது. எல்லா நாட்களிலும் ஒழுங்காகக் கிளம்பும் வண்டி, பெட்ரோல் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால் மட்டும் இருமும், திணறும், இரண்டாம் மூன்றாம் முயற்சியில்தான் உயிர்பெறும். பின்னால் வரிசையில் நிற்பவர்களின் பார்வையைத் தவிர்த்துக்கொண்டு பெட்ரோல் நிலையத்தை விட்டு வெளியேறுவது எங்களுக்கு வாடிக்கையாயிற்று. பத்து நாட்களில் மஞ்சள் விளக்கும் வந்து சேர்ந்தது. அதே வாரத்தில் பதிவைப் புதுப்பிக்கச் சொல்லி அரசுக் கடிதமும் வந்தது. கலிஃபோர்னியாவில் எட்டு ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் கார்கள் பெரும்பாலானவற்றுக்கு இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை ஸ்மாக் செக் எனப்படும் புகைச் சோதனை கட்டாயம். விளக்கு எரிந்தால் தேர்ச்சி இல்லை. தேர்ச்சி இல்லையேல் பதிவு இல்லை. கையிலிருந்தது நான்கு வாரம். எங்கள் இருவர் வேலைக்கும் அந்த ஒரு வண்டிதான்.

பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோனோம். கணினியில் பதிவாகியிருந்த எண்ணைப் படித்துவிட்டு, ஆவிக் கட்டுப்பாட்டு அமைப்பு முழுவதையும், குடுவை, வால்வுகள், குழாய்கள் என்று மாற்றிவிடுவது நல்லது என்றார்கள். 1,140 டாலர். எந்தப் பாகம் பழுது என்று சோதித்தீர்களா என்று கேட்டதற்கு, எல்லாவற்றையும் மாற்றினால் அந்தச் சந்தேகமே எழாது என்று பதில் வந்தது. இதில் ஒருவித தர்க்கம் இருக்கத்தான் செய்கிறது. தலைவலிக்குத் தலையை மாற்றினாலும் வலி போய்விடும். எண்ணை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு திரும்பினோம்: பி0496.

இந்த எண்கள் மந்திரமல்ல. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாப் பெட்ரோல் கார்களிலும், ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகே, பதினாறு ஊசிகளுக்கான ஒரு செருகுவாய் இருக்கிறது. எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் அதே வடிவம், அதே மொழி. 'பி' என்பது எஞ்சினும் கியரும் சேர்ந்த இயக்கப் பகுதி. அடுத்த பூஜ்யம், எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறி என்பதைச் சொல்வது. நான்கு என்பது துணை உமிழ்வுக் கட்டுப்பாடு. கடைசி இரண்டு இலக்கங்கள் குறிப்பிட்ட நோய். ஆவியை இழுக்கத் தேவையில்லாத நேரத்திலும் இழுப்பு நிகழ்கிறது என்பதே 0496-இன் பொருள். இருபது முப்பது டாலருக்குக் கிடைக்கும் கையளவுக் கருவி இதைப் படித்துவிடும். எங்களுக்கு அதைக் கொடுத்து உதவியவர் அலுவலக நண்பர். நெல்லைக்காரர், எங்களைவிடப் பத்து வயது மூத்தவர், நாங்கள் அண்ணா என்றே அழைப்போம். கருவியோடு ஒரு யோசனையும் இலவசமாக வந்தது.

"இதுக்குப் போயி ஆயிரம் டாலரா? ஸ்கேனரை மாட்டி அழிச்சிருங்க. டாங்கை எப்பவும் ஃபுல்லாவே வச்சிக்கிடுங்க, அந்த ஆவிச் சோதனை ஓடவே ஓடாது. ரெண்டு வாரம் ஓட்டிட்டு நேரா ஸ்மாக் செக்குக்குக் கொண்டு போயிருங்க. வண்டி நல்லாத்தானே ஓடுது?"

வண்டி நன்றாகத்தான் ஓடியது. அந்த வாக்கியம்தான் எங்களை இரண்டு இரவுகள் பேசவைத்தது.

நண்பர் சொன்னது வெறும் திண்ணைப் பேச்சும் அல்ல. விதிகளை அறிந்தவர் சொல்லும் யோசனை. நினைவிலுள்ள பழுதுக் குறியை அழித்தால், வண்டியின் கணினி தன் சுயபரிசோதனைகளையும் மறந்து முதலிலிருந்து தொடங்கும். அவை முடியாத வண்டியை ஸ்மாக் செக்கில் ஏற்கமாட்டார்கள். ஆனால் 2000-க்குப் பிந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஒரே ஒரு பரிசோதனை மட்டும் முடியாமல் இருக்கலாம் என்று சலுகை உண்டு. அது ஆவிப் பரிசோதனை. ஏனெனில் அது ஓடுவதற்கு நிபந்தனைகள் அதிகம்: வண்டி இரவெல்லாம் நின்று ஆறியிருக்க வேண்டும், டாங்க் மிகக் காலியாகவும் இருக்கக்கூடாது, மிக நிறைந்தும் இருக்கக்கூடாது. நேர்மையாக முயல்பவர்களுக்கே அது பிடிகொடுப்பதில்லை என்பதால் தந்த சலுகை. எல்லாச் சலுகைகளுக்கும் நேர்வதே இதற்கும் நேர்ந்திருக்கிறது.

அரசும் இதை அறியாமலில்லை. 2019 ஜூலை முதல் ஸ்மாக் செக்கில் 'நிரந்தரக் குறி' என்ற ஒன்றையும் பார்க்கிறார்கள். ஏறத்தாழ 2010-க்குப் பின் வந்த வண்டிகளின் கணினியில், கருவியாலும் அழிக்க முடியாத, பாட்டரியைக் கழற்றினாலும் போகாத ஓர் ஏட்டில் பழுது பதிவாகிறது. பழுது நீங்கியதென்று வண்டி தானே சோதித்துத் திருப்தியடைந்தால்தான் அதை அழிக்கும். இதற்கும் விலக்கு உண்டு. குறியை அழித்த பிறகு எஞ்சின் பதினைந்து முறை சூடாகி ஆறி, 200 மைல்களும் ஓடியிருந்தால், நிரந்தரக் குறி இருந்தாலும் பொருட்படுத்துவதில்லை. நண்பர் சொன்ன இரண்டு வாரத்தின் கணக்கு இதுதான். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், எங்கள் வண்டி அடம்பிடித்ததே டாங்க் நிறைந்த நேரங்களில்தான்.

இந்த விளக்குக்கு ஒரு பூர்வகதை உண்டு. 1943 ஜூலை 26 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரின் மீது கண்ணைக் கரிக்கும் பழுப்புப் படலம் ஒன்று கவிந்தது. போர்க்காலம், ஜப்பானியரின் நச்சுவாயுத் தாக்குதலோ என்று மக்கள் அஞ்சினார்கள். பிறகு செயற்கை ரப்பருக்கான மூலப்பொருள் தயாரித்த தொழிற்சாலை ஒன்றின்மீது பழி விழுந்தது. அதன் புகையைக் கட்டுப்படுத்திய பின்னும் படலம் போகவில்லை. விடை சொன்னவர் கால்டெக்கில் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற டச்சு உயிர்வேதியியலாளர். பழத்தின் ஆவியைக் குளிர்வித்துச் சொட்டாக்கி ஆராய்ந்த அதே முறையில் நகரத்துக் காற்றையும் குளிர்வித்தார். நாற்றமடிக்கும் பழுப்புத் திரவம் கிடைத்தது. கார்களும் எண்ணெய் ஆலைகளும் வெளியிடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் நிறுவினார். வளைத்துக் கட்டிய ரப்பர்த் துண்டில் வெடிப்பு விழுவதைக் கொண்டே ஓசோனை அளந்தார். எண்ணெய் நிறுவனங்களின் நிதியில் இயங்கிய ஆய்வாளர்கள் அவரை மறுத்தார்கள். அவர் விடவில்லை. 1968-இல் கலிஃபோர்னியக் காற்றுவள வாரியம் செயல்படத் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான்.

புகை என்றால் புகைக்குழாயின் முனையில் வருவது என்றே நாம் நினைக்கிறோம். ஹாகன்-ஸ்மித்தின் கணக்கில் எரிந்த பெட்ரோலின் மிச்சம் மட்டும் குற்றவாளியல்ல. எரியாமலே ஆவியாகிப் போகும் பெட்ரோலும்தான். நிறுத்திவைத்த வண்டியும் வெயிலில் மூச்சுவிடுகிறது. டாங்கில் உள்ள பெட்ரோல் சூடாகி ஆவியாகி வெளியேறும். அதில் புற்றுநோய் விளைவிக்கும் பென்சீனும் இருக்கிறது. இதைத் தடுக்க 1970 மாடல் முதல் கலிஃபோர்னியாவிலும், அதற்கடுத்த ஆண்டு நாடு முழுவதிலும், டாங்கை மூடிய அமைப்பாக்கினார்கள். வழி எளிமையானது. ஒரு குடுவை நிறையக் கரி. ஊக்கமூட்டப்பட்ட கரியின் நுண்துளைகளில் ஆவி ஒட்டிக்கொள்ளும். வண்டி ஓடும்போது எஞ்சின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். கரி மறுபடியும் காலியாகித் தயாராக இருக்கும். ஒரு பொருளும் வீணாவதில்லை. நம் பாட்டிமார்கள் கண்டிருந்தால் மெச்சியிருப்பார்கள்.

குடுவைக்கும் எஞ்சினுக்கும் நடுவே வாசற்காவலனாக நிற்பது ஒரு சிறிய வால்வு. பர்ஜ் வால்வு என்கிறார்கள். மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும். எஞ்சின் சூடேறி, ஆவியை ஏற்கும் நிலைக்கு வந்தபின் கணினி அதை விநாடிக்குப் பலமுறை திறந்து மூடும். காதை அருகே வைத்தால் 'டிக் டிக்' என்று கேட்கும். ஆண்டுக்கணக்கில் அப்படித் துடித்தபின் ஒருநாள் அது முழுதாக மூட மறுக்கிறது. சில வண்டிகளில் கரித்துகள் வந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. திறந்தபடியே நின்றுவிட்டால் எஞ்சினின் உறிஞ்சல் எந்நேரமும் டாங்க் வரை செல்லும். பெட்ரோல் நிரப்பும்போது திரவம் ஏற ஏற, அங்கிருந்த ஆவி குடுவையை நோக்கித் தள்ளப்படும். திறந்த வால்வு வழியே எஞ்சினுக்குள்ளும் புகுந்து நிறையும். காற்றைவிட ஆவி மிகுந்த நிலையில் எஞ்சின் எப்படிப் பற்றிக்கொள்ளும்? எங்கள் வண்டியின் இருமலுக்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று கணித்தோம். பட்டறையின் 1,140 டாலருக்கும் நண்பரின் இலவச யோசனைக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று தென்பட்டது.

ஆனாலும் அந்த இரண்டு இரவுகளில் நாங்கள் பேசியது வால்வைப் பற்றி அல்ல. ஓசோன் உடனே உண்டாவதில்லை. காலையில் வண்டிகள் விட்ட ஆவி வெயிலில் மணிக்கணக்கில் வெந்து, காற்று கொண்டுபோகும் திசையில், மதியத்துக்கு மேல் உச்சம் பெறுகிறது. வளைகுடாப் பகுதியில் கடற்காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசும். அல்டமான்ட் கணவாயில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு சான் வாக்கின் பள்ளத்தாக்கில் இறங்கும். மூன்று பக்கமும் மலைகள் சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கு நாட்டிலேயே மிக மோசமான காற்றுள்ள இடங்களுள் ஒன்று. அங்குள்ள மாசில் பெரும்பகுதி அங்கேயே உண்டாவதுதான். ஒரு பங்கு எங்கள் பக்கத்திலிருந்து போவது. நாங்கள் குடியிருப்பது கணவாய்க்கு மேற்கே, ஃப்ரீமான்ட்டில். எங்கள் ஆவி எங்களிடம் தங்குவதில்லை. அதனால்தான் எங்கள் வானம் நீலமாக இருக்கிறது.

நண்பர் வீடு வாங்கியிருப்பது கணவாய்க்குக் கிழக்கே, ட்ரேசியில். இங்கே வீட்டு விலை கட்டுப்படியாகாத எத்தனையோ குடும்பங்களைப் போல அவரும் அந்தப் பக்கம் போனவர். அவருடைய இளைய மகளின் பள்ளிப் பையில் எப்போதும் ஒரு இன்ஹேலர் இருக்கும். காற்று மோசமான நாட்களில் பிள்ளைகளை மைதானத்துக்கு விடமாட்டார்கள் என்று அவரே எங்களிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் ஒரு வால்வால் அந்தக் குழந்தைக்கு மூச்சுத்திணறியது என்று சொல்லவரவில்லை. அப்படிச் சொல்வது அறிவியலும் ஆகாது. மூடாத ஒரு வால்வின் பங்கு கடலில் ஒரு சொட்டு. ஆனால் அந்தக் கடல் முழுவதும் இப்படிப்பட்ட சொட்டுகளால் ஆனது. ஒவ்வொரு சொட்டுக்கும் உரியவர், வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று சொல்லக்கூடியவர். இதை நண்பரிடம் நாங்கள் சொல்லவில்லை. உதவி செய்ய வந்தவரிடம் சொல்லும் பேச்சா அது?

சனிக்கிழமை காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போதே பானட்டைத் திறந்தோம். எங்கள் வண்டியில் பர்ஜ் வால்வு எஞ்சினின் பின்புறம், காற்றை உள்ளிழுக்கும் குழலை ஒட்டி இருக்கிறது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. இரண்டு ரப்பர்க் குழாய்கள், ஒரு மின் இணைப்பு, ஒரு திருகாணி. எங்களில் ஒருவர் எஞ்சினைக் கிளப்ப, மற்றவர் குடுவைப் பக்கத்துக் குழாயைக் கழற்றி வால்வின் வாயில் விரலை வைத்தோம். எஞ்சின் சூடேறாத நிலையில் வால்வு மூடியிருக்க வேண்டும். அங்கே இழுப்பே இருக்கக்கூடாது. விரலைக் கவ்விப் பிடித்தது. எஞ்சினை நிறுத்தி, வால்வைக் கழற்றி, சுத்தமான ஒரு குழாய்த் துண்டைச் செருகி ஊதிப் பார்த்தோம். புல்லாங்குழல் ஊதுவதுபோல் காற்று தாராளமாக மறுபக்கம் போயிற்று. மூடியிருக்க வேண்டிய வாசல் திறந்துகிடக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

உதிரிபாகக் கடையில் புதிய வால்வு 38 டாலர். அதையும் முதலில் ஊதிப் பார்த்தோம், காற்று போகவில்லை. மாட்டுவதற்கு இருபது நிமிடம். குழாய்களின் விளிம்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, கவ்விகளை அழுத்தி, மின் இணைப்பைச் செருகினோம். மதியம் பெட்ரோல் போட்டோம். பம்ப் தானாக நின்றதும் நிறுத்திக்கொண்டோம்; அதற்குமேல் அழுத்தி நிரப்பினால் திரவப் பெட்ரோலே கரிக் குடுவைக்குள் போய் அதைக் கெடுத்துவிடும். சாவியைத் திருப்பியதும் வண்டி முதல் முயற்சியிலேயே கிளம்பியது.

விளக்கை அழிக்கும் கருவி கையிலிருந்தும் பயன்படுத்தவில்லை. பழுது காணாமல் மூன்று ஓட்டங்கள் அடுத்தடுத்து முடிந்தால் வண்டியே விளக்கை அணைத்துவிடும். அதன் வாயாலேயே அதைச் சொல்லக் கேட்கலாமே என்றிருந்தோம். டாங்கைப் பாதியளவில் வைத்துக்கொண்டு, இரவு முழுக்க நிற்கவிட்டு, காலையில் சீரான வேகத்தில் ஓட்டினோம். ஆறாம் நாள் காலை பார்த்தபோது விளக்கு இல்லை. ஒன்பதாம் நாள் ஆவிப் பரிசோதனையும் முடிந்திருந்தது; நிரந்தரக் குறியின் ஏடும் வெறுமையாக இருந்தது. ஸ்மாக் செக் பத்து நிமிடத்தில் முடிந்தது. 2015 முதல் எங்கள் வண்டி போன்றவற்றுக்குப் புகைக்குழாயில் கருவி செருகும் வழக்கமில்லை. செருகுவாயில் ஒரு கம்பியை மாட்டி, வண்டி என்ன சொல்கிறது என்று கேட்கிறார்கள். கண்ணால் ஒருமுறை பார்க்கிறார்கள். அவ்வளவுதான்.

வண்டி சொல்வதை அரசு நம்புகிறது என்பது சிறிய விஷயமல்ல. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் கார்கள் சோதனை நடக்கும்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும்படி நிரல் எழுதப்பட்டிருந்தது வெளியானது. உலகெங்கும் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் வண்டிகள். சாலையில் அவற்றுள் சில, அனுமதித்த அளவைப் போல் நாற்பது மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடுகளை உமிழ்ந்தன. அவற்றின் விளக்குகள் எரியவில்லை. அவையும் நன்றாகத்தான் ஓடின. மேற்கு வர்ஜீனியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் கருவிகளைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியச் சாலைகளில் ஓட்டி அளந்ததால்தான் அந்தப் பொய் பிடிபட்டது. பெரிய நிறுவனம் நிரல் எழுதிச் செய்ததையும், நாங்கள் டாங்கை நிரப்பிவைத்துச் செய்யவிருந்ததையும் ஒரே தராசில் வைக்க முடியாது. தட்டுகள் வேறு, எடை வேறு. தராசின் முள் மட்டும் ஒரே திசையைத்தான் காட்டுகிறது.

கருவியைத் திருப்பிக் கொடுக்க அழைத்தபோது நண்பர் முந்திக்கொண்டார். "அதை நீங்களே வச்சிருங்க, சனிக்கிழமை வண்டியக் கொண்டு வாரேன். நேத்திலேருந்து எனக்கும் எரியுது."

"அழிச்சிடலாமே அண்ணா" என்றோம்.

சிரித்தார். "இல்ல, பாத்துருவோம். உங்க வால்வை எந்தக் கடையில வாங்குனீங்க?"

அவருடைய எண் பி0442. சிறு கசிவு. வால்வுக்குப் போகுமுன் பெட்ரோல் மூடியின் ரப்பர் வளையத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். பாதி நேரம் அதுதான் காரணமாக இருக்குமாம். அல்லாவிட்டால் சனிக்கிழமை இருக்கிறது.